சேமித்த கணக்கு எங்கே போனது? மண்டபத்தில் நடக்கும் இயக்க அமைப்பு வகுப்பு பற்றிய மதிப்புரை

மண்டபம் வடக்குக் கடற்கரையை ஒட்டிய மீன் கொள்முதல் நிறுவனம் ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். 2024 பருவமழைக் காலத்து மாலை ஒன்றில், அன்றைக்கு இறங்கிய பெட்டிகளின் எடையையும் படகுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையையும் கணினியில் பதிந்து, சேமிப்புப் பொத்தானை அழுத்தி, கோப்பு சேமிக்கப்பட்டது என்ற அறிவிப்பையும் கண்ணால் பார்த்த சில நொடிகளில் மின்சாரம் போயிற்று. மின்சாரம் திரும்பியபோது கோப்பின் பெயர் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு வரியும் இல்லை. துண்டுச்சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இரவு 11 மணி வரை மறுபடியும் எழுதினேன். பழுது பார்க்க வந்தவர் விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி அவ்வாறே செய்துவிட்டுப் போனார். சேமித்துவிட்டேன் என்று கணினி சொன்னது எப்படிப் பொய்யாயிற்று என்ற என் கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் 2025 மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்தில் நடந்த இயக்க அமைப்பு (ஆபரேட்டிங் சிஸ்டம்) வகுப்பில் சேர்ந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் நிறுவனத்தில் வேலை பாதியாகக் குறையும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை. இந்த இடைவெளியை அளந்து பாடத்திட்டத்தை வெட்டியிருக்கிறார் ஆசிரியர். மாலை 4 மணி முதல் 6 மணி வரை, வெள்ளியும் ஞாயிறும் நீங்கலாக வாரத்தில் 5 நாள், கட்டணம் 1,500 ரூபாய். தம் வீட்டு மாடியில் பெயர்ப்பலகை இல்லாமல் நடத்துகிறார். வகுப்புக்கு விளம்பரம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரையும் விலாசத்தையும் இங்கே தரவில்லை. மண்டபம் கடைத்தெருவில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் கணினி வகுப்பு என்றால் டேலி, தட்டச்சு, எம்எஸ் ஆபீஸ் என்பதோடு முடிந்துவிடும். இவை பிழைப்புக்கு வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை, நானும் டேலி படித்துத்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் அந்த மென்பொருள்களுக்கு அடியில் நினைவகத்தையும் வட்டையும் செயலியையும் பங்கிட்டுக் கொடுக்கும் இயக்க அமைப்பு என்ன செய்கிறது என்று யாரும் திறந்து காட்டுவதில்லை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இயக்க அமைப்புக்குத் தனிப் பாடம் இருக்கிறது. என் மகள் அதைப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். ஆனால் பாடத்தில் வரும், செயலியின் நேரத்தை முறைவைத்துப் பங்கிடும் சுழற்சி முறையைத் தன் கணினியில் எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. இந்த வகுப்பின் முழு மதிப்பும் அந்தக் கேள்விக்கு விடை தருவதில்தான் இருக்கிறது. இங்கே எதையும் வரையறையாக முதலில் சொல்வதில்லை. முதலில் பார்க்கச் சொல்கிறார், பிறகு தொடச் சொல்கிறார், பெயர் கடைசியில்தான் வருகிறது.

வகுப்பில் 7 மடிக்கணினிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கியவை. படித்து முடித்தவர்கள் வீட்டில் பரண் ஏற்றியிருந்ததைக் கேட்டு வாங்கி, தூசு தட்டி, உப்புக்காற்றில் துருப்பிடித்த இணைப்புகளைச் சுரண்டிச் சரிசெய்திருக்கிறார். அவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயக்க அமைப்பும் ஏற்றப்பட்டிருந்ததை அன்றைக்குப் பலர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸ் ஏன் என்ற கேள்விக்கு அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகப் பட்டது: உள்ளே நடப்பதை அது மறைக்காமல் எழுத்தில் காட்டுகிறது, காசு கேட்பதில்லை, பழைய இயந்திரத்திலும் ஓடுகிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸைத் தொடங்கியதையும், 1973இல் அது சி மொழியில் மறுபடி எழுதப்பட்டதையும், 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டதையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். வரலாற்றில் நாள்களைக் கரைக்காதது நல்ல முடிவு.

முதல் நாள் எந்த மென்பொருளையும் திறக்காத கணினியின் முன் எங்களை உட்காரவைத்து, இப்போது இதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். ஒன்றும் ஓடவில்லை என்றோம். ஒரே ஒரு கட்டளையைத் தட்டச்சிடச் சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் மரக்கிளைகள்போல விரிந்தன. எல்லாவற்றுக்கும் வேராக 1 என்ற எண்ணுடைய ஒன்று நின்றது. நிரல் என்பது வேறு, பிராசஸ் என்பது வேறு என்ற அடிப்படை அங்கே தொடங்கியது. கரையில் கட்டிக்கிடக்கும் படகு நிரல். டீசலும் ஐஸும் ஆளும் ஏற்றி, மீன்துறையிடம் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன அந்த ஒரு பயணம் பிராசஸ். டோக்கனில் இருக்கும் எண்ணைப்போல ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் உண்டு. எங்கள் தொகுதியில் இருந்த 11 பேரில் 4 பேர் விசைப்படகில் போகிறவர்கள். அவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆசிரியரை நான் மதிப்பதற்குக் காரணம் உவமை மட்டும் அன்று. உவமை முறியும் இடத்தையும் அவரே காட்டிவிடுவதுதான். ஒரு படகு ஒரே நேரத்தில் இரண்டு பயணம் போக முடியாது, ஆனால் வட்டில் இருக்கும் ஒரே நிரலை ஒரே நேரத்தில் பத்துப் பிராசஸாக ஓட்டலாம் என்று சொல்லி, அதைப் பத்து முறை ஓட்டியும் காட்டினார். கிராமத்து உவமைகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிற பல ஆசிரியர்கள் இந்த இரண்டாம் படியை விட்டுவிடுகிறார்கள். பிறகு மாணவர் அந்த உவமையையே பாடமாக நம்பிவிடுகிறார்.

செயலியின் நேரத்தைப் பங்கிடுவதை விளக்கிய 4 நாள்கள் இந்த வகுப்பின் உச்சம். பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகும் மற்ற 4 நாள் நாட்டுப்படகும் போகும் ஏற்பாடு எங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. கடல் ஒன்று, ஆள் இரண்டு, ஆகவே முறை வைக்கிறோம். செயலிக்குள் கணக்கிடும் பகுதியான கரு (கோர்) ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே முறை மாறுவது நாள் கணக்கில் அன்று, நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளில். மேலும் படகுக்காரருக்குத் தன் முறை முடிந்தது தெரியும்; பிராசஸுக்குத் தெரியாது. கடிகாரச் சில்லு ஒரு குறுக்கீட்டை, அதாவது செயலியை இடைமறிக்கும் சைகையை எழுப்புகிறது, இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னல் உள்ளே வருகிறது, ஓடிக்கொண்டிருந்த பிராசஸ் செயலிக்குள் பயன்படுத்திய பதிவேடுகள் என்ற சிறு இடங்களில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததின் எண்களை அவ்விடத்தில் இட்டு, அதை ஓடவிடுகிறது. நிறுத்தப்பட்டது தன் முறை திரும்ப வரும்போது ஒன்றுமே நடவாததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் பாடநூலுக்கு மேல் ஒன்றும் கிடைத்திருக்காது. முடிவே இல்லாமல் ஓடும் சிறிய நிரல் ஒன்றை இரண்டு முறை தொடங்கி, இரண்டையும் செயலியின் ஒரே கருவில் கட்டிப்போடச் சொன்னார். எது எவ்வளவு செயலி நேரம் எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் இரண்டுக்கும் ஏறக்குறைய 50 விழுக்காடு காட்டியது. பிறகு ஒன்றின் நைஸ் மதிப்பை, அதாவது கூடக் கூடப் பங்கைக் குறைக்கும் எண்ணை, 19 ஆக்கச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் அது 1 விழுக்காட்டுக்குச் சுருங்க, மற்றது 98ஐத் தாண்டியது. சாதாரண பிராசஸுக்கு லினக்ஸ் தரும் எடை 1024, நைஸ் 19க்குத் தரும் எடை 15 என்று சொல்லி வகுத்துப் பார்க்கச் சொன்னபோது, திரையில் இருந்த எண்ணும் எங்கள் தாளில் வந்த எண்ணும் பொருந்தின. கணக்கெழுதுகிறவளுக்கு இதைவிட நிறைவான தருணம் எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

அப்போது என் பக்கத்தில் இருந்த படகோட்டியின் திரையில் மட்டும் 50க்கு 50 மாறாமல் நின்றது. “சார், என்னோடது மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்றார் அவர். ஆசிரியர் வந்து பார்த்து, அவர் இரண்டு நிரல்களையும் தனித்தனி முனையங்களில் (கட்டளை தட்டும் சாளரங்களில்) தொடங்கியிருப்பதைக் கண்டார். வெவ்வேறு முனையங்களில் தொடங்கியவற்றை லினக்ஸ் தனித்தனிக் குழுக்களாக எடுத்துக்கொண்டு முதலில் குழுக்களுக்கிடையே சமமாகப் பங்கிடுகிறது, நைஸ் மதிப்பு ஒரு குழுவுக்குள்ளேதான் செல்லும் என்று விளக்கினார். தவறிப்போன ஒரு சோதனையை ஒதுக்கித் தள்ளாமல், அதையே அரை மணி நேரப் பாடமாக்கிய அந்தப் பொறுமைக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

குறுக்கீடு பற்றிய பாடம் சிறியது, ஆனால் மறக்க முடியாதது. கெர்னல் வைத்திருக்கும் குறுக்கீட்டுக் கணக்கைத் திரையில் நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும்படி வைத்துவிட்டு, விசைப்பலகையில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டச் சொன்னார். விசைப்பலகைக்கு நேரே இருந்த எண் 2 கூடியது: அழுத்தும்போது ஒன்று, விரலை எடுக்கும்போது ஒன்று. விசையை விடுவதும் ஒரு செய்திதான் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றாதது.

பூட்டு, ஒன்றுக்கொன்று காத்திருந்து எல்லாம் நின்றுபோகும் முட்டுக்கட்டை ஆகியவற்றைப் பாம்பன் பாலத்தைக் கொண்டு விளக்கினார். வகுப்புத் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, 2025 ஏப்ரல் 6ஆம் நாள்தான் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டிருந்தது. 1914இல் திறந்த பழைய பாலத்தில் இரு கைகள்போல விரிந்த தூக்குப் பகுதிக்கு மாறாக, இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. அது மேலே இருக்கும்போது ரயில் வரக் கூடாது. ரயில் பாலத்தில் இருக்கும்போது கப்பல் நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்ற இந்த விதியைக் கணினிக்குள் காப்பாற்ற 1960களில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வகுத்த கருவிக்குச் செமஃபோர் என்று பெயர். ரயில்பாதையில் கை ஏறி இறங்கிச் சைகை காட்டும் மரத்துக்கும் அதுவே பெயர். பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே பிடிபட்டது.

அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வேலையிலிருந்தே அவர் உதாரணம் எடுத்தார். ஏட்டில் 40 பெட்டி என்று இருக்கிறது. இரண்டு கணக்கர்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறார்கள். ஒருவர் 5 பெட்டி சேர்த்து 45 என்று எழுதுகிறார். மற்றவர் தாம் முன்பு பார்த்த 40உடன் 3 சேர்த்து 43 என்று அதன் மேல் எழுதுகிறார். இருவர் செய்ததும் சரி, ஏடு மட்டும் தப்பு. 48 வர வேண்டிய இடத்தில் 5 பெட்டி மீன் காணாமல் போயிற்று. ஒரே பிராசஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு இழைகள் ஒரே எண்ணைப் பத்து இலட்சம் முறை கூட்டும் நிரலை ஓட்டிக் காட்டியபோது, 20 இலட்சம் வர வேண்டிய விடை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகக் குறைந்து வந்தது. பூட்டு போட்டதும் விடை சரியாயிற்று, ஆனால் நேரம் கூடியது. பூட்டுக்கு விலை உண்டு என்பதையும் சேர்த்தே கற்றோம். முட்டுக்கட்டை நேர்வதற்கு வேண்டிய நான்கு நிபந்தனைகளை மட்டும் பட்டியலாக எழுதிப் போட்டுவிட்டுக் கடந்துவிட்டார். அதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கலாம்.

கோப்புகளுக்கு வந்தபோதுதான் என் பழைய கேள்விக்கு வழி திறந்தது. கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு என்பது முதல் பாடம். படகுக்கு மீன்துறை கொடுத்த பதிவெண் ஒன்று. ஊரார் கூப்பிடும் பெயர் இரண்டு மூன்றாகவும் இருக்கலாம். அதுபோல வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று உண்டு. அளவு, உரிமையாளர், யார் படிக்கலாம் யார் எழுதலாம் என்ற அனுமதி, உள்ளடக்கம் வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பன எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெயர் கோப்புறையில் எழுதிய ஒரு வரி மட்டுமே. ஒலித்துக்கொண்டிருந்த பாட்டின் கோப்பை அழித்துக் காட்டினார். பெயர் மறைந்தது, பாட்டு நிற்கவில்லை. திறந்து வைத்திருக்கும் பிராசஸ் அதை விடும் வரை உள்ளடக்கம் வட்டில் இருக்கும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கும் எனக்கு இதில் இன்னொரு பயனும் கிடைத்தது. ‘மண்டபம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடில்) மெய்யின் புள்ளிக்குத் தனிக் குறியெண் உண்டு என்பதால் அது 7 ஆகிறது. அந்த எண்களைக் கணினி எழுதிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 21 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆகவே தமிழில் 85 குறியெண்களுக்குமேல் பெயர் நீள முடியாது. படகு உரிமையாளர், படகின் பெயர், நாள், மீன் வகை என்று எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே அடுக்கி வைக்கும் என் வழக்கம் எப்போதாவது ஏன் மறுக்கப்படும் என்பது இனி எனக்குத் தெரியும்.

பிறகு அந்தச் சோதனை வந்தது. மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் சுவரின் மின்சாரத்தில் மட்டும் ஓடும் மடிக்கணினியில் ஒரு புதிய கோப்பை எழுதினோம். பத்து நொடி பொறுத்து மின்கம்பியைப் பிடுங்கினோம். மறுபடி இயக்கிப் பார்த்தபோது பெயர் இருந்தது, அளவு பூஜ்ஜியம். பருவமழை மாலையில் என் மேசையில் நான் கண்ட அதே காட்சி. எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டாம் முறை அதே கோப்பை எழுதியதும் சிங்க் என்ற கட்டளையை இட்டுவிட்டுப் பிடுங்கினோம். ஒரு எழுத்தும் குறையாமல் முழுதும் இருந்தது.

காரணத்தை அவர் பொறுமையாகச் சொன்னார். வட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது. ஆகவே நாம் எழுதுவதைக் கெர்னல் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று நிரலுக்குச் சொல்லிவிடுகிறது. உள்ளடக்கம் வட்டில் இறங்க வழக்கமான அமைப்பில் 30 நொடிபோல ஆகலாம். பெயரும் ஐநோடும் போன்ற பதிவுகளோ, மாற்றங்களை வட்டில் முன்கூட்டிக் குறித்துவைக்கும் குறிப்பேட்டின் வழியாக 5 நொடிக்கு ஒரு முறை இறங்கிவிடுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் மின்சாரம் போனால் பெயர் மிஞ்சும், உள்ளடக்கம் போகும். சிங்க் கட்டளை காத்திராமல் எல்லாவற்றையும் அப்போதே வட்டில் இறக்கச் சொல்கிறது. விண்டோஸில் விவரங்களும் நேரக் கணக்கும் வேறு. ஆனால் எழுதியதை நினைவகத்தில் தாங்கிப் பிறகு இறக்கும் வழக்கம் அங்கும் இருக்கிறது என்றார். பொறுப்பான நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டினார்: புதிய கோப்பு ஒன்றில் எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பழைய கோப்பின் பெயரை அதற்கு மாற்ற வேண்டும், பெயர் மாற்றுவது பாதியில் நிற்காது, பழையதோ புதியதோ ஏதாவது ஒன்று முழுதாகக் கிடைக்கும். கணினி என்னிடம் பொய் சொல்லவில்லை. ‘வாங்கிக்கொண்டேன்’ என்று அது சொன்னதை நான் ‘வட்டில் எழுதிவிட்டேன்’ என்று புரிந்துகொண்டிருக்கிறேன். மறுவாரமே எங்கள் அலுவலகக் கணினிக்கு யுபிஎஸ் ஒன்று வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் காரணத்தோடு கேட்டேன், வாங்கித் தந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நினைவக மேலாண்மைக்கு ஒதுக்கிய 5 நாள்கள் போதவே போதாது. நினைவகம் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது, எங்கள் 2 ஜிபி மடிக்கணினியில் அத்தகைய பக்கங்கள் 5,24,288 இருக்கின்றன என்ற வரை தெளிவாக வந்தது. ஒவ்வொரு பிராசஸுக்கும் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற தோற்றத்தை, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணை எப்படித் தருகிறது என்ற இடத்தில் வகுப்பு தடுமாறியது. மற்றப் பாடங்களில் பார்ப்பது முதலில், பெயர் பிறகு என்று இருந்த வரிசை இங்கே தலைகீழாகி, முதல் நாளே கரும்பலகை நிறைய அம்புக்குறிகள் வந்துவிட்டன. நினைவகம் நிறைந்ததும் பக்கங்களைத் தள்ளிவைக்கும் இடமாற்று வட்டில் கணினி திணறும் காட்சியைக் காட்டினார். உலாவியில் தாவல்களைத் திறந்துகொண்டே போக, வட்டின் விளக்கு அணையாமல் எரிய, சுட்டி நகர மறுத்தது. ஆனால் அந்தத் திணறலுக்கும் முந்தைய நாள் அம்புக்குறிகளுக்கும் உள்ள தொடர்பை எங்களில் பாதிப் பேரால் சொல்ல முடியவில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. வரலாற்றில் மிச்சப்படுத்திய நேரத்தை இங்கே செலவிட வேண்டும் என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன்.

அச்சிட்ட குறிப்புகள் இல்லை என்பது இன்னொரு குறை. எழுதிக்கொண்டால்தான் நினைவில் நிற்கும் என்பது அவர் கொள்கை. கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடப் பழகாதவர்கள் எழுதுவதிலேயே நேரத்தை விட்டுவிட்டு, திரையைப் பார்க்கத் தவறினார்கள். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருவதும் அவர்களுக்குச் சுவராக நின்றது. அடிக்கடி வரும் இருபது செய்திகளுக்காவது தமிழ்ப் பொருள் எழுதி ஒரு தாளாகக் கொடுத்தால் போதும். அனுமதி இல்லை, கோப்பு இல்லை, இடம் இல்லை என்ற மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தாலே பாதி அச்சம் தீர்ந்துவிடும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் கடைசி இரண்டு வாரம் எக்ஸ்வி6ஐத் தந்தார். 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை அடியொற்றி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காக எழுதிய சிறிய இயக்க அமைப்பு அது. லினக்ஸ் கோடிக்கணக்கான வரிகளாக வளர்ந்துவிட்ட நிலையில், இது சில ஆயிரம் வரிகளில் முடிந்துவிடுவதால் ஒருவரே முழுதும் வாசித்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் மட்டும் அதில் இறங்கினாள். பிராசஸை மாற்றும் பகுதியில் தன் பெயரை அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டு, திரை முழுவதும் அவள் பெயர் ஓடியதை எங்களை அழைத்துக் காட்டினாள். சி மொழி தெரியாதவர்களுக்கு இது எட்டாது. எனக்கும் எட்டவில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இதற்காகவே இந்த வகுப்பில் சேரலாம்.

யார் சேரலாம் என்று கேட்டால், கணினியைக் கையாளத் தெரிந்து, அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி மனத்தில் இருப்பவர்கள் சேரலாம். சான்றிதழ் தருவதில்லை, வேலைக்கு உதவும் என்ற வாக்குறுதியும் இல்லை. தங்கச்சிமடத்திலிருந்தும் உச்சிப்புளியிலிருந்தும் வருபவர்களுக்கு 6 மணிக்குப் பிறகு பேருந்து கிடைக்கிறது. மாடியில் இன்வெர்ட்டர் இருப்பதால் மின்வெட்டில் வகுப்பு நிற்பதில்லை. பெண்கள் 4 பேர் இருந்தோம். சங்கடம் எதுவும் இல்லை. சொந்த மடிக்கணினி இருந்தால் கொண்டுபோவது நல்லது, ஏனெனில் 11 பேருக்கு 7 என்றால் பாதி நேரம் வேறொருவர் விரல்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு திருத்தத்தை மட்டும் அவர் அவசியம் செய்ய வேண்டும். தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது என்பதால் வகுப்பையும் அதே நாளில் முடிக்கிறார். படகுக்காரர்களுக்கோ கடைசி வாரம் ஓய்வே கிடையாது; வண்ணம் பூசிய படகைக் கடலில் இறக்க வேண்டும், இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும், வலை ஏற்ற வேண்டும், ஐஸுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கணினி எப்படித் தன்னைத் தானே எழுப்பிக்கொள்கிறது என்ற அருமையான பாடம் அந்த வாரத்தில்தான் வந்தது. மின்சாரம் வந்ததும் சில்லில் இருக்கும் சிறு நிரல் எழுந்து, அது துவக்கியை அழைத்து, துவக்கி கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, கெர்னல் 1ஆம் எண் பிராசஸைத் தொடங்கிவைக்கிறது. முதல் நாள் நாங்கள் பார்த்த மரத்தின் வேர் எங்கிருந்து முளைத்தது என்பது அங்கேதான் விளங்கியது. அந்த விடையைக் கேட்க விசைப்படகுக்காரர்கள் 4 பேரில் ஒருவரும் வரவில்லை. நாட்டுப்படகு போகும் நாளில் வீட்டுக்கு வந்தால் தனியாகச் சொல்லித் தருவதாக ஆசிரியர் சொல்லியனுப்பினார்; இருவர் போய்க் கற்றுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த தடைக்காலத்தில் ஜூன் 6ஆம் நாளுக்குள் பாடத்தை முடிக்கும்படி அட்டவணையை மாற்றினால் மற்ற இருவரும் அதைக் கேட்க முடியும்.